கீட்டோவில் அடங்கிய பசி ஆறாவது வாரத்தில் திரும்பி வந்துவிட்டது. கொழுப்பைக் கூட்ட வேண்டுமா?

தும்பை

மாவுச்சத்தை மிகவும் குறைத்துக் கொழுப்பைக் கூட்டி உண்ணும் கீட்டோ உணவுமுறைக்கு மாறி, மாவுச்சத்தை நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் நிறுத்தி ஆறு வாரங்கள் ஆகின்றன. முதல் நான்கு நாள்கள் தலைவலியும் சிடுசிடுப்புமாகக் கழிந்தன. அதன்பின் வந்த அமைதியை எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எதையாவது கொறித்தே இருபது ஆண்டுகளாகப் பழகிய நான், பகலுணவையே மறந்துவிட்டு மூன்று மணிக்கு மேல் நினைவு வந்து எழுந்த நாள்கள் உண்டு. பசி என்ற ஒன்று என்னை விட்டே போய்விட்டதாக நினைத்தேன்.

கடந்த பத்து நாள்களாக அது திரும்பி வந்திருக்கிறது. பிற்பகல் நான்கு மணி ஆனால் போதும், கால்கள் தாமாகவே அடுக்களைக்குப் போகின்றன. பாதாம் டப்பாவைத் திறந்த நினைவுகூட இல்லாமல், மென்றுகொண்டு நிற்கும்போதுதான் எனக்கே தெரிகிறது. இரவில் உண்டு முடித்த ஒரு மணி நேரத்தில் வயிறு மறுபடியும் கேட்கிறது. எடையும் இரண்டு வாரங்களாக அசையவில்லை.

நான் உண்பது இதுதான். காலையில் இரண்டு மேசைக்கரண்டி வெண்ணெய் கலந்த காபி. பகலில் வெண்ணெயில் வதக்கிய கீரையோடு இரண்டு முட்டை, ஒரு துண்டு சீஸ். நான்கு மணிக்கு ஒரு கைப்பிடி பாதாம். இரவில் உள்ளங்கை அளவு மீன் அல்லது இறைச்சியும் வெள்ளரிக்காயும். மொத்தக் கலோரியில் 75 விழுக்காடு கொழுப்பிலிருந்து வர வேண்டும் என்று கைபேசிச் செயலி சொல்வதால், அந்தக் கணக்கு நிறைவதற்காகப் படுக்கப்போகும் முன் ஒரு மேசைக்கரண்டி தேங்காய் எண்ணெயை மருந்துபோல விழுங்குகிறேன். கீட்டோவில் பசித்தால் கொழுப்பு போதவில்லை என்று பொருள் என எல்லாரும் சொல்கிறார்கள். இதற்குமேல் எங்கே கூட்டுவது?

நெடுவழி

உங்களுக்குச் சொன்னவர்கள் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். மாவுச்சத்தை எடுத்துவிட்ட இடத்தில் கொழுப்பை வைக்காவிட்டால் உடல் எதை எரிக்கும்? நான் நான்கு ஆண்டுகளாக இந்த முறையில்தான் இருக்கிறேன். பசி தலைகாட்டினால் ஒரு கரண்டி வெண்ணெய் கூடுதலாகச் சேர்த்துக்கொள்வேன். அடுத்த ஆறு மணி நேரத்துக்கு உணவின் நினைவே வராது. பகலுணவிலும் இரவுணவிலும் ஒவ்வொரு கரண்டி கூட்டிப் பாருங்கள். கொழுப்புக்குப் பயப்படும் பழைய பழக்கம் நம் எல்லாருக்குள்ளும் கொஞ்சம் மிச்சம் இருக்கத்தான் செய்கிறது.

தராசு

நெடுவழி அவர்கள் மன்னிக்க வேண்டும், இந்த இடத்தில் நான் உடன்படவில்லை. தும்பை தந்திருக்கும் பட்டியலில் கொழுப்புக்குக் குறைவே இல்லை. குறைவது புரதம்.

கூட்டிப் பார்க்கிறேன். வெண்ணெய்க் காபியில் புரதம் ஏறத்தாழச் சுழியம். இரண்டு முட்டையில் 12 கிராம், 30 கிராம் சீஸில் 7, கைப்பிடி பாதாம் 30 கிராம் என்று வைத்துக்கொண்டால் 6, உள்ளங்கை அளவு மீன் 100 கிராம் இருந்தால் 22, கீரையிலிருந்து ஓரிரு கிராம். மொத்தம் 50-ஐ ஒட்டித்தான் வருகிறது. எடையைக் குறைத்துக்கொண்டிருக்கும் ஒருவருக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 1.2 முதல் 1.6 கிராம் வரை என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. 70 கிலோ எடையுள்ளவர் என்றால் 84-இலிருந்து 112 கிராம். உங்கள் எடையை நீங்கள் எழுதவில்லை, இருந்தாலும் இந்த இடைவெளி சிறியது அன்று.

அந்த 75 விழுக்காட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். இந்த உணவுமுறைக்கு கீட்டோஜெனிக் என்று பெயரிட்டவர் அமெரிக்காவின் மேயோ கிளினிக் மருத்துவமனையில் பணியாற்றிய ரஸல் வைல்டர், ஆண்டு 1921, நோக்கம், வலிப்பு நோயைக் கட்டுப்படுத்துவது. அதன் மரபான வடிவத்தில், மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்து ஒரு பங்கு என்றால் கொழுப்பு நான்கு பங்கு, எடைக் கணக்கில். கொழுப்பு எரியும்போது ஈரலில் உருவாகும் கீட்டோன் என்ற பொருளின் அளவை இரத்தத்தில் உயரத்தில் நிறுத்தி வைப்பதற்காகப் போட்ட கணக்கு அது. எடை குறைய விரும்பும் ஒருவரின் பசியை மனத்தில் வைத்து யாரும் அதை வகுக்கவில்லை. அந்த மருத்துவக் கணக்கின் சாயல்தான் இன்றைய செயலிகளில் ஓர் இலக்காக வந்து உட்கார்ந்திருக்கிறது. எடை குறையும் காலத்தில் உடலில் ஏற்கெனவே சேர்ந்திருக்கும் கொழுப்பும் எரிபொருள்தானே? தட்டில் வரும் கொழுப்பு அதற்குமேல் தேவைப்படும் மீதியை நிரப்பினால் போதும். மாவுச்சத்துக்கு வைத்திருப்பது உச்சவரம்பு, அதைத் தாண்டக் கூடாது. புரதத்துக்கு வைத்திருப்பது இலக்கு, அதை எட்டியாக வேண்டும். கொழுப்புக்கு இரண்டும் இல்லை, சுவைக்கும் தேவைக்கும் ஏற்பக் கூட்டிக் குறைக்கலாம். படுக்கும் முன் விழுங்கும் எண்ணெய் 120 கலோரி. அதில் மெல்லுவதற்கும் ஒன்றுமில்லை, நாக்குக்கும் ஒன்றுமில்லை. முதலில் அதை நிறுத்துங்கள்.

நெடுவழி

> குறைவது புரதம்.

புரதம் வேண்டாம் என்று நான் எங்கும் சொல்லவில்லை. ஆனால் பசியை அடக்குவது புரதம்தான் என்றால் மாவுச்சத்தோடு சேர்த்துப் புரதம் உண்பவர்களுக்கும் இதே அமைதி கிடைத்திருக்க வேண்டும். எனக்குக் கிடைத்ததில்லை. உடற்பயிற்சிக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில் நாளொன்றுக்கு 150 கிராம் புரதம் உண்டவன் நான். அப்போதும் பதினொரு மணிக்குப் பசிக்கும். கீட்டோசிஸ், அதாவது உடல் கீட்டோனை எரிபொருளாக்கும் நிலை, வந்த பின்புதான் அது நின்றது. ஆகவே கீட்டோன்தான் காரணம், கொழுப்புதான் அதற்கு மூலப்பொருள்.

வெள்ளாம்பல்

உணவியல் பிரிவோடு சேர்ந்து பணியாற்றும் செவிலி என்ற முறையில் இதே வாதத்தைப் பலமுறை கேட்டிருக்கிறேன். இருவரும் ஒரே யானையின் வேறு வேறு பக்கங்களைத் தொட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

கீட்டோனுக்குப் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை. எடை குறையும்போது வயிற்றில் சுரக்கும் கிரெலின் என்ற பசி இயக்குநீர் வழக்கமாக உயரும். ஆஸ்திரேலியாவில் பிரியா சுமித்ரனும் அவருடைய குழுவினரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், மிகக் குறைந்த கலோரி கொண்ட கீட்டோ உணவை எட்டு வாரங்கள் உண்டவர்களிடம், கீட்டோசிஸ் நீடித்த வரை அந்த உயர்வு காணப்படவில்லை. வழக்கமான உணவுக்குத் திரும்பிக் கீட்டோசிஸ் நீங்கியதும் கிரெலின் ஏறியது. 2015-இல் வந்த ஒரு தொகுப்பாய்வும் இந்தத் திசையில்தான் முடிவு சொன்னது. ஆனால் அதில் கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு: பசி குறைந்த அளவு சிறியதுதான். எடை குறையும்போது வழக்கமாகக் கூடியிருக்க வேண்டிய பசி கூடாமல் இருப்பதே பெரிய ஆதாயம். கீட்டோன் பசிக்கு ஒரு தடுப்பணை போன்றது. ஆற்றையே வற்றச் செய்துவிடாது.

இதற்கு நேர் எதிரான சான்றையும் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் 20 பேரை மருத்துவ மையத்திலேயே தங்கவைத்து, 75 விழுக்காடு அளவில் கொழுப்புள்ள கீட்டோ உணவை இரண்டு வாரங்களும், 10 விழுக்காடு கொழுப்பே உள்ள தாவர உணவை இரண்டு வாரங்களும், விரும்பிய அளவு உண்ணக் கொடுத்தார்கள். 2021-இல் வெளியான முடிவின்படி, கொழுப்புக் குறைந்த உணவின்போது அவர்கள் நாளொன்றுக்குச் சுமார் 690 கலோரி குறைவாக உண்டார்கள். பசியையும் நிறைவையும் கேட்டுப் பதிவுசெய்தபோது இரண்டு உணவுக்கும் வேறுபாடு இல்லை. கீட்டோ உணவிலும் முதல் வாரத்தைவிட இரண்டாம் வாரத்தில் ஏறத்தாழ 300 கலோரி குறைவாக உண்டிருக்கிறார்கள், அதாவது கீட்டோசிஸ் வேலை செய்யத் தொடங்கியிருக்கிறது என்று கொள்ளலாம். ஆனாலும் கொழுப்பு மிகுந்த உணவு சிறிய அளவிலேயே கலோரியை அள்ளிவிடும் என்பதையும், வயிறு அதைத் தனியாகக் கணக்கு வைத்துக்கொள்வதில்லை என்பதையும் அந்த 690 காட்டுகிறது.

தும்பை அவர்களிடம் சில கேள்விகள். உங்கள் எடை எவ்வளவு, இதுவரை எவ்வளவு குறைந்திருக்கிறது? உறக்கம் எப்படி? உப்பைக் குறைத்திருக்கிறீர்களா? முதல் மூன்று வாரங்களிலும் இதே பட்டியலைத்தான் உண்டீர்களா? சர்க்கரை நோய்க்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து எடுக்கிறீர்களா? கடைசிக் கேள்வி பசிக்காகக் கேட்டது அன்று. இன்சுலினோ, கணையத்தைத் தூண்டும் சல்ஃபோனைல்யூரியா வகை மாத்திரையோ எடுப்பவர்களுக்கு மாவுச்சத்தைக் குறைத்ததும் சர்க்கரை அளவு ஆபத்தாக இறங்கலாம்; திடீரென்று வரும் நடுக்கமான பசி அதன் அறிகுறியாகவும் இருக்கக்கூடும். எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை நோய் மருந்துகளை எடுப்பவர்கள் இந்த உணவுமுறையைத் தாமாகத் தொடங்கவே கூடாது. இரத்தச் சர்க்கரை உயராமலேயே, கீட்டோன் மிகுந்து இரத்தம் அமிலமாகும் கீட்டோ அமிலத்தேக்கம் வந்துவிடக்கூடும்.

பனித்துளி

நடுவில் நுழைவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இன்று மூன்றாம் நாள். தும்பை அக்காவுக்கு ஆறாவது வாரத்தில் வந்த பசி எனக்கு இப்போதே இருக்கிறது, தலைவலி வேறு. சாப்பிட்ட அரை மணியில் கை கால் ஓய்ந்துபோய் எதையாவது தின்ன வேண்டும்போல் இருக்கிறது. இது எத்தனை நாளைக்கு?

வெள்ளாம்பல்

பனித்துளி, உங்களுக்கு நடப்பது வேறு கதை. ஈரலிலும் தசையிலும் சேமித்திருக்கும் கிளைகோஜன் என்ற சர்க்கரை இருப்பு இப்போது கரைகிறது; அதன் ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைப் பிடித்து வைத்திருந்தது, அந்த நீரும் போகிறது. இன்சுலின் இறங்கியதால் சிறுநீரகம் உப்பையும் கூடவே வெளியேற்றுகிறது. உப்பும் நீரும் குறைந்த சோர்வைப் பெரும்பாலோர் பசி என்றே எடுத்துக்கொள்கிறார்கள். இரத்த அழுத்தமோ சிறுநீரக, இதய நோயோ இல்லாதவர் என்றால், ஒரு குவளை வெந்நீரில் கால் தேக்கரண்டி உப்பைக் கலந்து குடித்துவிட்டுக் கால் மணி நேரம் பொறுத்துப் பாருங்கள். தலைவலி தணிந்து "பசியும்" போய்விட்டால் அது பசியே இல்லை. இன்னும் மூன்று நான்கு நாள்களில் பெரும்பாலும் அடங்கும். அதுவரை வயிறார உண்ணுங்கள். முதல் வாரத்திலேயே கலோரியையும் குறைத்துக்கொண்டு இரண்டு போர்களை ஒருசேர நடத்த வேண்டாம்.

தும்பை

எல்லாருக்கும் நன்றி. வெள்ளாம்பல் அவர்களின் கேள்விகளுக்கு விடை தேடப்போய் என்னைப் பற்றியே சில செய்திகளைத் தெரிந்துகொண்டேன்.

எடை 72 கிலோ, தொடங்கும்போது 77. மருந்து எதுவும் இல்லை. உப்பைக் குறைக்கவில்லை.

பட்டியல் மாறியிருக்கிறது. முதல் மூன்று வாரங்கள் காலையில் மூன்று முட்டைகள் உண்டேன். பசி அடங்கிவிட்டதால், "பசியில்லாதபோது எதற்காகச் சமைக்க வேண்டும்" என்று நான்காவது வாரத்திலிருந்து முட்டையை விட்டு வெண்ணெய்க் காபிக்கு மாறினேன். அதாவது பசி போனதற்குக் காரணமாக இருந்ததையே, பசி போய்விட்டது என்ற மகிழ்ச்சியில் தூக்கி எறிந்திருக்கிறேன் போலும்.

உறக்கம்: அலுவலகத்தில் ஒரு வேலையை முடித்துக்கொடுக்க வேண்டியிருந்ததால் இரண்டு வாரங்களாக ஐந்து மணி நேரம்தான். பசி திரும்பியது பத்து நாள்களாக. நாள்காட்டியில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் உறைத்தது.

அடுத்தது பாதாம். இன்று நான்கு மணிக்கு, கை வழக்கம்போல அள்ளியதை அப்படியே எடை இயந்திரத்தில் கொட்டினேன். 46 கிராம். தராசு அவர்கள் தாராளமாக 30 என்று வைத்த அதே "ஒரு கைப்பிடி". தின்று முடித்து ஐந்து நிமிடத்தில் கை மறுபடியும் டப்பாவுக்குள் போனது; அதையும் எடை போட்டேன், இன்னொரு 46. செயலியில் இத்தனை நாளும் "ஒரு கைப்பிடி, 28 கிராம்" என்று பதிந்துவந்திருக்கிறேன்.

தராசு

92 கிராம் பாதாம் ஏறத்தாழ 530 கலோரி. அதில் 19 கிராம் புரதம் இருக்கிறது. அதே 19 கிராம் புரதத்தை மூன்று முட்டைகள் 215 கலோரியில் தந்துவிடும். நீங்கள் காலையில் விட்ட மூன்று முட்டைகளை உடல் நான்கு மணிக்குப் பாதாம் டப்பாவிலிருந்து வசூல் செய்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது. ஸ்டீபன் சிம்ப்சன், டேவிட் ராபன்ஹைமர் என்ற இரு உயிரியலாளர்கள் 2005-இல் முன்வைத்த கருதுகோள் ஏறத்தாழ இதுதான்: உடல் புரதத்துக்கென்று ஓர் அளவை வைத்திருக்கிறது, அது நிறையும் வரை உண்ணத் தூண்டுகிறது, தட்டில் புரதத்தின் விகிதம் குறைந்தால் மற்றவை மிகையாக உள்ளே போகின்றன.

பாதாமுக்கு நியாயம் செய்யவும் வேண்டும். முழுப் பருப்பாக மென்று தின்னும்போது அதன் கொழுப்பில் ஒரு பகுதி செரிக்காமலே வெளியேறுகிறது. 2012-இல் அமெரிக்க வேளாண்மைத் துறையின் ஆய்வாளர்கள் அளந்தபோது, பொட்டலத்தில் 170 கலோரி என்று அச்சிடப்படும் 28 கிராமிலிருந்து உடல் உண்மையில் பெற்றது 129-தான். ஆக உங்கள் 530 உள்ளபடியே 420-க்கு அருகில் இருக்கலாம். இது பருப்பை அரைத்த மாவுக்கும் பாதாம் வெண்ணெய்க்கும் அப்படியே பொருந்தாது. சரி, கணக்குப்பிள்ளைப் புத்தி என்னை எங்கோ இழுத்துப் போகிறது.

கொழுப்பும் நிறைவைத் தரும் என்பதை நான் மறுக்கவில்லை. கொழுப்பும் புரதமும் சிறுகுடலின் தொடக்கத்தை அடைந்ததும் கோலிசிஸ்டோகைனின் என்ற இயக்குநீர் சுரக்கிறது. அது வயிறு காலியாவதை மெதுவாக்கி, போதும் என்ற செய்தியை மூளைக்கு அனுப்புகிறது. ஆனால் கலோரிக்குக் கலோரி ஒப்பிட்டால் கொழுப்பின் கை தாழ்ந்துதான் இருக்கிறது. சிட்னி பல்கலைக்கழகத்தில் 1995-இல் 38 உணவுகளை 240 கலோரி அளவில் கொடுத்து, அடுத்த இரண்டு மணி நேரம் நிறைவுணர்வைப் பதிவுசெய்தார்கள். வெள்ளை ரொட்டிக்கு 100 என்று வைத்தால் மீன் 225, மாட்டிறைச்சி 176, முட்டை 150, சீஸ் 146, நிலக்கடலை 84. வெண்ணெய் மிகுந்த குரோசாண்ட் 47, அதுதான் கடைசி. முதலிடம் யாருக்கு என்று கேட்டால் கீட்டோக்காரர்களுக்கு வருத்தமாக இருக்கும்: வேகவைத்த உருளைக்கிழங்கு, 323.

கல்மண்டபம்

உருளைக்கிழங்கு முதலிடம் பிடித்ததில் ஒரு பாடம் இருக்கிறது, அதைத் தள்ளிவிட்டுப் போக வேண்டாம். 240 கலோரி உருளைக்கிழங்கு என்பது தட்டு நிறையக் குவியும். அதில் பெரும்பகுதி நீர். வயிற்றின் சுவர் விரிவதும் நிறைவுக்கான ஒரு செய்தி. கீட்டோவில் நாம் இழப்பது இந்தப் பருமனைத்தான். தும்பை அவர்களின் பட்டியலில் கீரையையும் வெள்ளரிக்காயையும் விட்டால் வயிற்றில் இடம் பிடிக்கும் பொருளே இல்லை. முட்டைக்கோஸ், காலிஃபிளவர், சுரைக்காய், கீரை வகைகள், காளான் ஆகியவற்றை இரண்டு பெரிய கிண்ணம் உண்டாலும் உங்கள் 25 கிராமுக்குள் அடங்கும். காபியில் கரைந்த வெண்ணெய்க்கு இந்த வகையில் எந்த வேலையும் இல்லை. குடித்த கலோரியை மென்ற கலோரி அளவுக்கு உடல் மதிப்பதில்லை.

இன்னொன்று. நான்கு மணி, டப்பா, நின்றுகொண்டே தின்பது என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது, அதில் பாதி வயிற்றுப்பசி, பாதி வாய்ப்பசி என்று பட்டது. கீட்டோவில் இவ்விரண்டையும் பிரித்தறிவது, மாவுச்சத்து உண்ட காலத்தைவிட எளிது என்பது என் அனுபவம். அந்தக் காலத்துப் பசி படபடப்போடு வரும், கை நடுங்கும், காத்திருக்க முடியாது. கீட்டோவின் உண்மைப் பசி மெதுவாக வரும். அடிவயிற்றில் ஒரு வெறுமை, உடம்பில் லேசான குளிர்ச்சி. ஒரு மணி நேரம் பொறுக்கச் சொன்னால் பொறுக்கும். வாய்ப்பசி அப்படி இல்லை, அது பொருளின் பெயரைச் சொல்லிக் கேட்கும். பாதாம்தான் வேண்டும், அதுவும் உப்பிட்டு வறுத்ததுதான் வேண்டும் என்று கேட்டால், உப்பில்லாத அவித்த முட்டை ஒன்றை உரித்து முன்னால் வையுங்கள். அதை மனமாரத் தின்ன முடிந்தால் அது பசி, தின்றுவிடுங்கள். முகம் சுளித்தால் டப்பாவை மூடிவிட்டு நடந்துவிட்டு வாருங்கள். நான் டப்பாவை அலமாரியின் மேல்தட்டுக்கு மாற்றினேன், ஏணிப்படி போட்டால்தான் எட்டும். சிரிக்க வேண்டாம், அந்த ஏணிப்படி என்னைப் பல நாள் காப்பாற்றியிருக்கிறது.

வெள்ளாம்பல்

உறக்கத்தைப் பற்றி ஒரு சொல். சிகாகோ பல்கலைக்கழகத்தில் 12 இளைஞர்களை இரண்டு இரவுகள் நான்கு மணி நேரம் மட்டுமே உறங்கவிட்டுச் செய்த ஆய்வு 2004-இல் வெளியானது. பத்து மணி நேரம் உறங்க வாய்ப்பளித்த இரவுகளோடு ஒப்பிட்டால், நிறைவுக்கான லெப்டின் 18 விழுக்காடு குறைந்திருந்தது, கிரெலின் 28 விழுக்காடு கூடியிருந்தது, அவர்கள் சொன்ன பசியளவு 24 விழுக்காடு உயர்ந்திருந்தது. இரண்டே இரவில் இது. உங்களுக்கு இரண்டு வாரம்.

ஐந்து கிலோ குறைந்ததையும் மறந்துவிட வேண்டாம். இழந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உண்ணும் நாட்டம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 100 கலோரி கூடுகிறது என்று 2016-இல் ஒரு கணிப்பு வந்தது. ஹால் குழுவினர் அதிலும் பங்கேற்றிருந்தனர். எந்த உணவுமுறையானாலும் உடல் தன் பழைய எடையைத் தேடும். கீட்டோசிஸ் அந்த அழுத்தத்தைத் தணிக்கிறதே ஒழிய இல்லாமலாக்குவதில்லை. ஆகவே ஆறாவது வாரத்தில் கொஞ்சம் பசி எட்டிப்பார்ப்பதை உங்கள் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நெடுவழி

என் முதல் பதிலில் ஒரு செய்தியை விட்டுவிட்டேன் என்பது இதையெல்லாம் படித்தபோது தெரிந்தது. நான் எடை குறைப்பதை முடித்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. வாரத்துக்கு நான்கு நாள் மிதிவண்டியில் நீண்ட தொலைவு போகிறேன். உடலில் கரைக்கக் கொழுப்பு அதிகம் மிச்சமில்லாத எனக்குப் பசித்தால் அது எரிபொருள் கேட்கும் பசி. ஒரு கரண்டி வெண்ணெய் அதற்குச் சரியான விடை. என் தட்டில் புரதம் எப்போதும் 110 கிராமுக்குக் குறைந்ததில்லை, அதனால் அதை ஒரு பொருட்டாக எழுதவே தோன்றவில்லை. தும்பை அவர்களுக்கு நான் சொன்ன ஆலோசனை என் உடம்புக்கானது. கீட்டோன் பற்றிச் சொன்னதை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

தும்பை

இரண்டு வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

காலையில் மூன்று முட்டையும் ஒரு கிண்ணம் காளானும் திரும்பி வந்தன. காபி வெறும் காபியானது. இரவு மீனை 100-லிருந்து 170 கிராமாக்கினேன், பக்கத்தில் பெரிய கிண்ணம் முட்டைக்கோஸ். எண்ணெய் விழுங்குவது நின்றது. புரதம் பெரும்பாலான நாள்களில் 90-ஐத் தாண்டுகிறது. கொழுப்பின் பங்கு 62 விழுக்காட்டுக்கு இறங்கிவிட்டதால் செயலி நாள்தோறும் சிவப்பு நிறத்தில் எச்சரிக்கிறது, அதைப் பொருட்படுத்துவதில்லை. கீட்டோன் குறைந்துவிடுமோ என்று பயந்து விரல் குத்தி மூன்று முறை பார்த்தேன்: லிட்டருக்கு 0.9, 0.7, 1.1 மில்லிமோல். கீட்டோசிஸ் என்று கொள்ளப்படும் 0.5-க்குக் கீழே போகவில்லை.

நான்கு மணிப் பசி நான்காம் நாளே தளர்ந்தது. முட்டைச் சோதனையை ஐந்து முறை செய்தேன்; இரண்டு முறை முட்டையைத் தின்றேன், மூன்று முறை முகம் சுளித்தேன். ஒன்பதாம் நாள் மட்டும் தோற்றேன். முந்தைய இரவு மறுபடியும் ஐந்து மணி நேரம்தான் உறங்கினேன். முட்டையையும் தின்று, அதன்மேல் பாதாமும் தின்று, சீஸும் தின்றேன். மாதவிலக்குக்கு முந்தைய நான்கு நாள்களில் இரவுப் பசி வந்தது. அந்த நாள்களில் பசி இயல்பாகவே கூடும் என்பதால் கூடுதலாக ஒரு துண்டு இறைச்சி உண்டு சமாளித்தேன். எடை 71.2.

முன்பு இருந்த அந்த முழு அமைதி திரும்பவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். இப்போது பசி வருகிறது, உணவுக்கு அரை மணி முன்பு வருகிறது, உண்டதும் போகிறது.

பனித்துளி

உப்பு வெந்நீர் வேலை செய்தது, நன்றி. இப்போது எனக்குப் பசியே இல்லை, ஒரு வேளைதான் உண்கிறேன். இப்படியே விட்டுவிடலாமா? இனிப்புக்கு மட்டும் மனம் அலைவதால், சர்க்கரை சேர்க்காத கீட்டோ இனிப்புகளைச் செய்து வைத்திருக்கிறேன்.

தராசு

பசி இல்லாதபோது உண்ண வேண்டிய கட்டாயம் இல்லை. ஆனால் அந்த ஒரு வேளையில் உங்கள் ஒரு நாளைக்கான புரதம் முழுவதும் வருகிறதா என்று ஒருமுறை எழுதிக் கூட்டிப் பாருங்கள். வராவிட்டால் இரண்டு வேளையாக்கிக்கொள்ளுங்கள். இனிப்பைப் பொறுத்தவரை, அதில் இருக்கும் வெண்ணெயும் பாதாம் மாவும் கலோரியில் எதற்கும் குறைந்தவை அல்ல. உணவோடு சேர்த்து ஒன்று தின்றால் கேடில்லை, தனியாக டப்பாவோடு எடுத்துவைத்துக்கொண்டு உட்கார வேண்டாம்.

தும்பை

பனித்துளி, நானும் நான்காவது வாரத்தில் இதைத்தான் சொன்னேன். காலை முட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.